பதினேழாவது பொருளும் சாத்திய கதவும்

வாக்குமூலம் அளிப்பவர்: பெண், வயது 26. பெயரும் தந்தை பெயரும் தனித்தாளில் எழுதி இணைக்கப்பட்டுள்ளன. முகவரி: சந்தைக்குப் பின்னால் மூன்றாம் சந்து, அச்சகத்துக்கு மேல்மாடி, பின்பக்க அறை. தொழில்: நகர மன்றக் கூட்ட அரங்கில் ஒப்பந்தப் பணியாளர். பதிவு செய்தவர்: காவல் நிலைய உதவி ஆய்வாளர். வெள்ளிக்கிழமை, முற்பகல் பத்தேகால் மணி.

நான் மேலே சொன்ன முகவரியில் என் அம்மாவுடன் ஒன்பது வருடமாகக் குடியிருந்து வருகிறேன். அப்பா உயிரோடு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கடந்த நான்கு வருடமாக நகர மன்றக் கூட்ட அரங்கில் ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை பார்த்து வருகிறேன். அரங்கைப் பெருக்குவது, மேசைகளைத் துடைப்பது, ஒலிவாங்கிகள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது, உறுப்பினர்களுக்குத் தண்ணீர் வைப்பது, அவர்கள் வரும்போதும் போகும்போதும் கதவைத் திறந்துவிடுவது, கதவோரம் இருக்கும் மின்மணியை அழுத்துவது ஆகியவை என் வேலைகள். மணி அழுத்துவதால் அங்கே என்னைப் ‘பெல்லு’ என்று கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன். புகார் கொடுத்த பதினோரு உறுப்பினர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. அதனால்தான் புகார் முழுக்க ‘மேற்படி பெண்’ என்று எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை நடந்த மன்றக் கூட்டத்தில் நான் அரங்கின் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிப் பதினோரு உறுப்பினர்களை உள்ளே வரவிடாமல் தடுத்தேன் என்பதும், அதனால் பதினேழாவது பொருள் மீது நடந்த வாக்கெடுப்பு செல்லாது என்பதும் புகார். அதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கதவைப் பூட்டவில்லை. சாத்தினேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மன்றத்தின் முடிவுக்கு வரும் ஒவ்வொரு விஷயத்தையும் ‘பொருள்’ என்று சொல்வார்கள். எண் போட்டுப் பட்டியலாக அச்சடித்துக் கொடுப்பார்கள். பதினேழாவது பொருள் என்னவென்றால், சந்தையில் உள்ள பெண்கள் கழிப்பறை ‘பயன்பாடு குறைவாக’ இருப்பதால் அதை இடித்துவிட்டு, மன்றச் செலவில் தளம் போட்டு, வாகன நிறுத்துமிடமாகக் குத்தகைக்கு விடுவது. அந்தக் கழிப்பறையில் ஆறு அறைகள் இருக்கின்றன. நான்கில் தாழ்ப்பாள் இல்லை. அந்த நான்கில் ஒன்றுக்குக் கதவே இல்லை, அதில் விளக்குமாறுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சந்தையில் முந்நூறு பெண்களுக்குக் குறையாமல் வியாபாரம் செய்கிறார்கள், சுமை தூக்குகிறார்கள். தாழ்ப்பாள் இல்லாத அறைக்கு இரண்டு பேராகப் போக வேண்டும், ஒருத்தி வெளியே நின்று கதவைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். பயன்பாடு குறைவு என்று எழுதியவர் எந்த நேரத்தில் போய்ப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்குப் போயிருந்தால் வரிசை வெங்காய மண்டி வரைக்கும் நின்றிருக்கும்.

இந்த விஷயத்தில் உனக்குச் சொந்த அக்கறை உண்டா என்று கேட்டதற்கு, உண்டு என்று சொல்கிறேன். என் அம்மா அந்தச் சந்தையில் தக்காளி விற்கிறார். காலை ஐந்து மணிக்குப் போனால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கடையை எடுத்து வைப்பார். அதுவரை தண்ணீர் குடிக்க மாட்டார். நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. சிறுநீர்த் தொற்று வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இரண்டாவது முறை மருத்துவர், “நிறையத் தண்ணி குடிக்கணும்மா” என்று சொன்னபோது அம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து சிரித்தார்.

மன்றத்தில் வாக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். தலைவர் பொருளின் எண்ணைச் சொல்வார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். செயலர் ‘ஒருமனதாக’ என்று எழுதிக்கொள்வார். எதிர்ப்பவர்கள் கத்துவார்கள், அதை எழுத மாட்டார்கள். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை. பகல் ஒரு மணியளவில், பெரும்பாலும் பன்னிரண்டாவது பொருள் முடிகிற நேரத்தில், நடைவழியின் மறுகோடியில் இருக்கும் சாப்பாட்டு அறையில் எல்லாம் தயாராகிவிடும். எங்கள் மேற்பார்வையாளர் வந்து கதவிடுக்கில் கை காட்டுவார். நான் மணியை ஒருமுறை அழுத்த வேண்டும். இனிப்பு வந்ததும் இன்னொரு முறை அழுத்த வேண்டும். மணி சாப்பாட்டு அறையிலும் கேட்கும். இப்படி அழுத்தச் சொல்லி உத்தரவு போட்டது உறுப்பினர்கள்தான்.

முதல் மணிக்கே பாதிப் பேருக்கு மேல் எழுந்து போய்விடுவார்கள். அதன் பிறகு மிச்சமிருக்கும் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு தலைவர் மீதிப் பொருட்களை மளமளவென்று வாசிப்பார். போனவர்களும் ஆதரித்ததாகவே எழுதப்படும். அலுவலகத்தில் இதற்கு ஒரு பேச்சே இருக்கிறது. யாரும் கேள்வி கேட்கக் கூடாத விஷயம் என்றால், “அதைச் சாப்பாட்டுக்குப் பின்னாடி போடு” என்பார்கள். இரண்டு வார்டுகளின் நூலகத்தை மூடியது சாப்பாட்டுக்குப் பிறகுதான். சந்தைக் கடைகளின் தரை வாடகையை ஏற்றியதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அன்றைக்கு நான் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவின் வாடகை ஏறிய விஷயம் எனக்கே நான்கு நாள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மன்ற விதிகளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை அதை நான் துடைக்கிறேன். ஒன்பதாவது விதி இப்படி இருக்கிறது: ‘எந்த உறுப்பினராவது எழுந்து நின்று வாக்குகளை எண்ணும்படி கோரினால், இரண்டு நிமிடம் மணி ஒலிக்கப்பட வேண்டும். அதன் பின் கதவுகள் சாத்தப்பட வேண்டும். முடிவு அறிவிக்கப்படும் வரை எந்த உறுப்பினரும் உள்ளே வரவோ வெளியே செல்லவோ கூடாது.’ நான் அதை மனப்பாடம் செய்யவில்லை. துடைத்துத் துடைத்து மனதில் ஏறிவிட்டது.

எங்கள் வார்டு உறுப்பினர் தையல்கடை வைத்திருக்கிறார். அவரைத் தையலக்கா என்று கூப்பிடுவோம். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, அம்மாவின் இடுப்புப் பைக்கு ஜிப் மாற்றுவதற்காக அவர் கடைக்குப் போயிருந்தேன். பட்டியல் அவர் மேசையில் இருந்தது. பதினேழாவது பொருளை நான் வாசித்தேன். “என்னக்கா இது?” என்று கேட்டேன். “பாத்தேன். மொத்தம் இருபத்திரண்டு பேரு. தலைவரோட சேத்து அவங்க பதினேழு, நாங்க அஞ்சு. கத்துவோம். கத்திட்டுத் தொண்டை கட்டிக்கிட்டு வந்து இங்க உக்காந்து சட்டைக்குக் காஜா எடுப்பேன். வேற என்ன பண்ணச் சொல்ற?” என்றார். அதன் பிறகு நான் அவரிடம் ஒன்பதாவது விதியைச் சொன்னேன். அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார். “இன்னொரு தடவை சொல்லு, மெதுவா” என்றார். சொன்னேன். வெட்டி வைத்திருந்த துணியின் மேல் சாக்கட்டியால் எழுதிக்கொண்டார்.

நான்தான் சொன்னேன் என்பதை மறைக்கவில்லை. இது சதி இல்லையா என்று புகாரில் கேட்டிருக்கிறார்கள். சுவரில் மாட்டியிருப்பதை வாசித்துச் சொல்வது சதி என்றால், அதை யாருக்குத் தெரிய வேண்டும் என்று மாட்டினார்கள் என்பதை முதலில் அவர்கள் சொல்லட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. இருபத்திரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டு பொருட்கள் மேசைத் தட்டலில் முடிந்தன. ஒன்று பத்துக்கு மேற்பார்வையாளர் கை காட்டினார். நான் மணியை ஒருமுறை அழுத்தினேன். ஆளுந்தரப்பைச் சேர்ந்த பதினோரு உறுப்பினர்கள் எழுந்தார்கள். நான் கதவைத் திறந்துவிட்டேன். கடைசியாகப் போனவர், “ஏசியைக் குறைச்சிடாத பெல்லு, வந்து ஒரு கண்ணு அசரணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே தலைவரும், அவர் தரப்பில் ஐந்து பேரும், தையலக்கா தரப்பில் ஐந்து பேரும் இருந்தார்கள். வழக்கமாகத் தையலக்கா தரப்பிலும் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். அன்றைக்கு ஒருவரும் அசையவில்லை. அவர்களில் ஒருவர் பசி தாங்காமல் மூன்று முறை தண்ணீர் கேட்டார். மூன்று முறையும் வைத்தேன்.

அதன் பிறகு பதிமூன்று முதல் பதினாறு வரை தலைவர் வாசித்தார், தட்டினார்கள், முடிந்தது. பதினேழு என்று அவர் வாயெடுத்ததும் தையலக்கா எழுந்து நின்றார்.

“தலைவரே, இடிக்க வேணாம். அதே தொகையில ஆறு அறையையும் சரி பண்ணணும்னு திருத்தம் கொடுக்கிறேன். இதுக்கு எண்ணி வாக்கெடுக்கணும்.”

“எண்ணவா? இது என்ன பள்ளிக்கூடமா, வருகைப்பதிவு எடுக்க? உக்காரும்மா, சாப்பாடு ஆறுது.”

“ஆறட்டும். உங்க தலைக்கு மேல ஒம்பதாவது விதி தொங்குது. திரும்பிப் பாருங்க.”

தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. செயலரைப் பார்த்தார். செயலர் எழுந்து போய், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்பதாவது விதியைச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்து, “இருக்குங்க” என்றார். தலைவர் சிரித்தார். அவர் சிரித்ததற்குக் காரணம், வெளியே இருப்பவர்கள் எல்லோரும் அவருடைய ஆட்கள், மணி அடித்தால் வந்துவிடுவார்கள் என்று அவர் நினைத்ததுதான் என்று கருதுகிறேன். அவர் என்னைப் பார்த்து, “அழுத்து பெல்லு. நம்ம ஆளுங்க வரட்டும், எண்ணியே காட்டிடுவோம்” என்றார். ஆகவே மணியை அழுத்தியது அவர் உத்தரவின் பேரில்தான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தினேன். ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சாப்பாட்டு அறையில் பரிமாறும் அம்மாள் பிற்பாடு என்னிடம் சொன்னார். மணிச் சத்தம் கேட்டதும் ஒரு உறுப்பினர், “இனிப்பு வந்துடுச்சுப்பா” என்று தட்டை ஒதுக்கி இடம் பண்ணினாராம். விடாமல் அடிக்கவும் இன்னொருவர், “பெல்லுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு, இந்த அலறு அலறவிடுறா? ரெண்டு வகை இனிப்போ?” என்றாராம். நான்கு வருடத்தில் அந்த மணி சோற்றைத் தவிர வேறு எதற்கும் அடித்ததில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு நிமிடம் ஆனதும் தலைவர் சிரிப்பதை நிறுத்தினார். கைபேசியை எடுத்து ஒருவரை அழைத்தார். அந்தக் கைபேசி அரங்கிலேயே மூன்றாவது வரிசை மேசையில் மின்னூட்டத்தில் கிடந்து பாடியது. இன்னொருவரை அழைத்தார். அவர் எடுக்கவில்லை. “போய்க் கூட்டிட்டு வா பெல்லு” என்று என்னிடம் சொன்னார். செயலர், “அந்தப் பொண்ணு மணியை விட்டா விதிப்படி ரெண்டு நிமிஷம் ஆகாதுங்க” என்றார்.

இரண்டு நிமிடம் முடிந்தது. நான் தலைவரைப் பார்த்தேன். அவர் கைபேசியில் இன்னொரு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். செயலரைப் பார்த்தேன். அவர், “விதியில என்ன இருக்கோ அதைச் செய்ம்மா” என்றார். அதன் பிறகு நான் இரண்டு கதவுகளையும் உள்பக்கமாக இழுத்துச் சாத்திவிட்டு, கதவில் முதுகை வைத்து நின்றேன்.

பூட்டைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். அந்தக் கதவின் பூட்டு உடைந்து இரண்டு வருடம் ஆகிறது. தாழ்ப்பாளும் கிடையாது. நான் மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், முத்திரை குத்திய நகல் வைத்திருக்கிறேன். பூட்டு மாற்றுவது மூன்று கூட்டங்களில் பொருளாக வந்தது. மூன்று முறையும் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று மன்றத்தின் நடவடிக்கைப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே அந்தக் கதவைப் பூட்ட முடியாது என்பதற்கு மன்றமே சாட்சி.

அதன் பிறகு செயலர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஏழாவது பெயரைக் கூப்பிடும்போது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் தட்டினார்கள். அடித்தார்கள். “திறடி” என்றார்கள். இன்னும் சில வார்த்தைகள் சொன்னார்கள், அவை என் அம்மாவைப் பற்றியவை, எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பதினைந்து பேர் தோள் கொடுத்தது போலக் கதவு அதிர்ந்தது. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். நடைவழியில் இருப்பவர்கள் கைப்பிடியைப் பிடித்துத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டும். அவர்கள் தள்ளினார்கள். தள்ளத் தள்ள அது நிலையோடு இன்னும் இறுகியது. பதினோரு பேரில் ஒருவர்கூட இழுத்துப் பார்க்கவில்லை. பதவிக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கதவை அவர்கள் தங்கள் கையால் திறந்ததே இல்லை, எப்போதும் நான்தான் திறந்துவிட்டேன். யாராவது இழுத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டதற்கு, கதவு திறந்திருக்கும், நான் நடுவில் நின்று ஒன்பதாவது விதியைச் சொல்லியிருப்பேன் என்று சொல்கிறேன். அதற்கு அவசியம் வரவில்லை.

ஒன்பது பெயர்கள் முடிந்தபோது திருத்தத்துக்கு ஆதரவு ஐந்து, எதிர்ப்பு நான்கு. மிச்சம் ஒருவர். அவர் ஆளுந்தரப்பைச் சேர்ந்தவர், முன்னாள் லாரி ஓட்டுநர், வயதானவர், சர்க்கரை நோய் இருப்பதால் அங்கே சாப்பிட மாட்டார், மடியில் டிபன் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். அவர் எதிர்த்தால் ஐந்துக்கு ஐந்து. சமமாக வந்தால் தலைவரின் வாக்குதான் முடிவு. தலைவர் அவரைப் பார்த்து, “அண்ணே, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

ஓட்டுநர் எழுந்தார். “முப்பது வருஷம் லாரி ஓட்டினேன் தலைவரே. எனக்கு ரோடு பூரா கழிப்பறைதான். எவனும் கேட்டதில்ல. என் வீட்டுக்காரி சந்தைக்குப் போறதையே நிறுத்திட்டா, ஏன்னு இப்பத்தான் தெரியுது. நான் திருத்தத்துக்கு ஆதரவு” என்றார். தலைவர், “அண்ணே, கட்சி” என்று ஆரம்பித்தார். “கட்சி வெளிய நின்னு கதவை இடிக்குது. நான் உள்ள இருக்கேன். எழுதுங்க செயலரே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆறுக்கு நான்கு. செயலர் நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்தார். ஆதரவு, எதிர்ப்பு என்று எழுத அதில் இடமே இல்லை. அளவுகோல் வாங்கி இரண்டு கோடு போட்டு எழுதினார். பிறகு எழுந்து நின்று, திருத்தம் நிறைவேறியது, கழிப்பறை இடிக்கப்படாது, அதே தொகையில் ஆறு அறைகளும் பழுது பார்க்கப்படும் என்று அறிவித்தார். தையலக்கா மேசையைத் தட்டவில்லை. முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அவர்கள் இன்னும் தள்ளிக்கொண்டிருந்ததால் திறக்க முடியவில்லை. “கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. கதவு உங்க பக்கம்தான் திறக்கும்” என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னேன். வெளியே சத்தம் சட்டென்று நின்றது. நான் தள்ளினேன், திறந்தது. பதினோரு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கை கழுவியிருக்கவில்லை. ஒருவர் கையில் கரண்டி இருந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் கைப்பிடியைப் பார்த்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் இரண்டரை மணிக்குச் சந்தைக்குப் போனேன். எனக்கு முன்பே செய்தி போய்விட்டது. கருவாட்டுக் கடை அத்தை என்னைப் பார்த்ததும் தராசுத் தட்டை எடுத்துக் கல்லால் அடித்தார். வரிசை வரிசையாக எல்லோரும் கையில் கிடைத்ததை அடிக்க ஆரம்பித்தார்கள். காலிப் பெட்டி, தகரம், வாளி. நான் பார்த்த எந்தக் கூட்டத்திலும் அவ்வளவு சத்தம் கேட்டதில்லை. அம்மா மட்டும் அடிக்கவில்லை. கடையில் எப்போதும் நிரப்பி வைத்து நிரம்பியபடியே வீட்டுக்குக் கொண்டுவரும் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, நின்றுகொண்டே முழுவதையும் குடித்தார். “இன்னும் ஒரு தாழ்ப்பாள்கூட மாட்டலம்மா” என்றேன். “மாட்டுவாங்கல்ல” என்றார்.

மறுநாள் புதன்கிழமை இந்த உதவி ஆய்வாளர் இடத்தைப் பார்வையிட வந்தார். சாத்தியிருந்த கதவை நடைவழியில் நின்று ஒற்றை விரலால் இழுத்தார். திறந்தது. அதை அவரே தன் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நேற்று வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் மேற்பார்வையாளர் ஒரு துணிப்பையுடன் வீட்டுக்கு வந்தார். அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். தையலக்கா சொல்லித்தான் கதவைச் சங்கிலியால் பூட்டினேன், தவறுதான், மன்னிக்கவும் என்று அதில் இருந்தது. “ரெண்டே வரி. கையெழுத்துப் போடு. ஒண்ணாந்தேதியிலேர்ந்து நிரந்தரம். ஓய்வூதியம் வரைக்கும் உண்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராத” என்றார். எந்தச் சங்கிலி என்று கேட்டேன். பையைத் தட்டிக் காட்டி, “அது எங்க பாடு” என்றார். அம்மாவிடம் பேசி முடிவு சொல் என்று சொல்லிவிட்டு, பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, மாடிப்படியில் போய் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். நிரந்தரம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்தார். அதன் பிறகு, “போட்டுடு” என்றார். “போட்டா வாக்கெடுப்பு செல்லாதும்மா. இடிச்சிடுவாங்க” என்றேன். “இடிக்கட்டும். முப்பது வருஷம் அடக்கிக்கிட்டேன், இன்னும் கொஞ்ச வருஷம் அடக்கிக்கிறேன். நீ உன் பொழப்பைப் பாரு” என்றார். இதைச் சொல்லும்போது அவர் என் தலைமுடியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. படிக்கு வந்து, “போட மாட்டேன்” என்று சொன்னேன். மேற்பார்வையாளர் என்னைத் திட்டினார். தாளைக் கேட்டார். அது எனக்குக் கொடுத்தது, தர மாட்டேன் என்றேன். பையை எடுக்க உள்ளே வந்தார். பை இருந்த இடத்தில் இல்லை.

“பை எங்க?”

“எந்தப் பை தம்பி?” என்று அம்மா கேட்டார். அவர் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். புடவையை நன்றாக விரித்து உட்கார்ந்திருந்தார். “கொஞ்சம் எந்திரிங்கம்மா” என்று மேற்பார்வையாளர் கேட்டார். “முட்டி வலி. ஒருதடவை உக்காந்தா ஒரு மணி நேரமாகும்” என்று அம்மா சொன்னார். ஒரு நிமிடம் முன்பு கையெழுத்துப் போடு என்று சொன்னவர் அவர்தான். மேற்பார்வையாளர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் உதவி ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பையில் புதிய இரும்புச் சங்கிலி ஒன்றும், பூட்டு ஒன்றும், கடை ரசீது ஒன்றும் இருக்கின்றன. சங்கிலியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. ரசீதில் புதன்கிழமைத் தேதி போட்டிருக்கிறது. நான் செவ்வாய்க்கிழமை பூட்டியதாகச் சொல்லும் சங்கிலியை அவர்கள் புதன்கிழமை வாங்கியிருக்கிறார்கள். பை, சங்கிலி, பூட்டு, ரசீது, அச்சடித்த தாள் ஆகியவற்றையும் பூட்டு உடைந்தது பற்றிய மூன்று நகல்களையும் இத்துடன் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டேன்.

இன்று காலை ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் பேசி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். செய்ததற்கு வருத்தம் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். அடுத்த மன்றக் கூட்டம் வரும் மாதம் மூன்றாம் தேதி. பார்வையாளர் வரிசையில் நாற்பது இருக்கைகள் இருக்கின்றன. அவற்றை நான்கு வருடமாகத் தூசி மட்டும் தட்டியிருக்கிறேன், ஒருவரும் உட்கார்ந்ததில்லை. சந்தையிலிருந்து நாற்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், முதல் பெயர் என்னுடையது. சாப்பாட்டுக்குப் பிறகும் உட்கார்ந்திருப்போம்.

யாரும் மிரட்டாமலும் ஆசை காட்டாமலும், ஆசை காட்டியவரைத் திருப்பி அனுப்பிய பிறகும், நான் சொன்னது இவ்வளவு. இதில் பொய் கிடையாது. எழுதியதை உதவி ஆய்வாளர் வாசித்துக் காட்டினார். அதன் பிறகு வாங்கி நானே ஒருமுறை வாசித்தேன். பழக்கத்தில் இரண்டு இடங்களில் ‘கதவைப் பூட்டினேன்’ என்று எழுதியிருந்தார். இரண்டையும் அடித்து, ‘சாத்தினேன்’ என்று என் கையாலேயே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)